பேச்சி அறியாத வாடை

அக்டோபர் 7, செவ்வாய்

எத்தனை புழு வெளியே வந்தது, ரத்தம் வந்ததா, காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டாள். இந்த நான்கையும் தினமும் எழுதி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏட்டில் எழுதுவது எனக்குப் பழக்கம்தான். பதினைந்து வருடமாக எங்கள் ஊர் அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையும் உயரமும் எழுதி வருகிறேன். ஆஸ்பத்திரி வாசல் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பெயர்: முத்துப்பேச்சி. வயது 36. என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடு இருக்கிறாள். வேலை: பீடி சுற்றுதல்.

இன்று காலை ஆறு மணிக்குக் குழாயடியில் முகம் கழுவக் குனிந்தவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ரத்தத்தோடு ஒரு வெள்ளைப் புழு சிமெண்டுத் தரையில் விழுந்து நெளிந்தது. "மைனி, இங்க வந்து இதப் பாருங்க" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. கீரையில் புழு இருக்கிறது என்று காட்டுவதுபோலத்தான் கூப்பிட்டாள்.

என் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மகள் பிரேமாவின் அப்பா, ஆட்டோ பிடித்தார். தாலுகா ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இங்கே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் நஸ்ரின் என்று ஒரு டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் கட்டிய விளக்கோடு, பேச்சியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தார். முகத்தைத் திருப்பவே இல்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

பேச்சி என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் காலையிலதான் டாக்டர் பாத்தோம்" என்று நான் சொன்னேன்.

டர்பெண்டைனில் நனைத்த துணியை மூக்குத் துவாரத்தில் வைத்தார்கள். அந்த நெடி தாங்காமல் புழுக்கள் காற்றைத் தேடி முன்னால் வரும், வந்ததும் இடுக்கியால் எடுத்துவிடலாம் என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். பத்து நிமிடத்தில் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்கள். பேச்சி நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. சத்தம் இல்லை.

புழு: 23. காய்ச்சல்: 100. சாப்பாடு: பால் ஒரு டம்ளர்.

பெண்கள் வார்டு என்பதால் ஆண்கள் தங்க முடியாது. பிரேமா அப்பா ஆடுகளைப் பார்க்க ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் இருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

புழு: 31. மொத்தம் 54. காய்ச்சல்: 101. ரத்தம்: கொஞ்சம். சாப்பாடு: இட்லி இரண்டு.

வலது கண் வீங்கி மூடிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். புழு கண்ணுக்கோ மூளைக்கோ போகவில்லை என்றார் டாக்டர். போயிருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பேச்சி கேட்டாள். டாக்டரும் மறைக்காமல் சொன்னார். "உயிருக்கு ஆபத்துதான். ஆனா போகல."

சூப்பர்வைசருக்கு லீவு சொன்னேன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை வேகவைப்பதை உதவிக்கு இருக்கும் சரசு பார்த்துக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் தொண்டை ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா இருந்தார். மத்தியானம் அவருடைய மகள் சிஸ்டரிடம் போய் ஏதோ சொன்னாள். சாயங்காலம் அந்தக் கட்டில் வார்டின் மறுகோடிக்குப் போய்விட்டது. "காத்து வேணுமாம் அவங்களுக்கு" என்று பேச்சியிடம் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

புழு: 19. மொத்தம் 73. காய்ச்சல்: 101. கஞ்சி அரை டம்ளர். துணி துவைத்தேன். கொடியில் இடம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

புழு: 12. மொத்தம் 85. காய்ச்சல்: 99.

இன்று டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முத்துப்பேச்சி, உங்களுக்குப் பூ வாசம் தெரியுமா?"

"தெரியாது டாக்டர். வயசுக்கு வந்த கொஞ்ச நாள்லயே போயிட்டு. மல்லியும் வேப்பம்பூவும் எனக்கு ஒண்ணுதான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சளின்னு சொன்னாவ."

டாக்டர் நிதானமாக விளக்கினார். பேச்சியின் மூக்குக்குள் இருக்கும் தோல் பல வருடங்களாகக் காய்ந்து சுருங்கிப்போயிருக்கிறது. உள்ளே பொந்துபோல் இடம் அகன்றுவிட்டது. அதில் சளி காய்ந்து பொறுக்கு கட்டி அழுகும். அழுகும்போது வாடை வரும். மோப்பம் போய்விட்டதால் அவளுக்கு மட்டும் அது தெரியாது.

"அந்த வாடைக்குத்தான் ஈ வரும். பகல்ல அசந்து தூங்கும்போது ஒரு நிமிஷம் உக்காந்து முட்டை போட்டுட்டுப் போயிடும். ஒரே நாள்ல புழுவாயிடும். இது நீங்க சுத்தமில்லாம இருந்ததால வந்ததில்ல. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ குளிச்சாலும் அந்த வாடை வரும். அது வியாதி. வைத்தியம் இருக்கு."

பேச்சி வீங்கிய கண்ணோடு டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல நாத்தம் அடிக்குமா டாக்டர்?"

"மேல இல்லம்மா. மூச்சுல."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பக்கத்துல வர்றவங்களுக்குத் தெரியும்."

பேச்சி தலையை ஆட்டினாள். சேலை முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டாள். நான் கஞ்சி வாங்கக் கீழே போனேன். கேன்டீனில் நல்ல கூட்டம். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வரும்போதும் முந்தானை அப்படியே இருந்தது.

அக்டோபர் 11, சனி

புழு: 8. மொத்தம் 93. காய்ச்சல் இல்லை. இட்லி மூன்று.

தலை வாரிவிடும்போது கேட்டாள். "எப்பமிருந்து மைனி வாடை வருது?"

"இந்தப் புழு வந்த பொறவுதான். நாலஞ்சு நாளாத்தான்" என்றேன்.

"டாக்டரு பல வருஷம்ங்காவளே."

"அவிய பொதுவாச் சொல்லுதாவ."

சிக்கு எடுக்க நேரமாகியது. அவளுக்கு நல்ல அடர்த்தியான முடி.

அக்டோபர் 12, ஞாயிறு

புழு: 3. மொத்தம் 96.

பிரேமாவும் அவள் அப்பாவும் வந்தார்கள். பிரேமா ப்ளஸ் ஒன் படிக்கிறாள், பரீட்சை நடக்கிறது. ஜன்னல் பக்கமே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமா அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் கதவோரம் இருந்தேன். பேச்சி முந்தானைக்கு மேலே தெரிந்த ஒரு கண்ணால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யார் எங்கே நிற்கிறோம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று அளப்பதுபோல் இருந்தது. எங்கள் வீட்டில் இப்படித்தான் எப்போதும் நிற்போம். அவள் இதற்குமுன் கவனித்ததில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு நடையில் கூடி உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டே சுற்றுவார்கள். பேச்சி மட்டும் பின்கட்டில், ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் தனியாகச் சுற்றுவாள். கூட்டம் அவளுக்குப் பிடிக்காது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அவளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

அந்த அறையை அவளுக்கு ஒதுக்கியது நான்தான். காற்றோட்டமான அறை.

அக்டோபர் 13, திங்கள்

புழு: இல்லை. காய்ச்சல்: இல்லை. ரத்தம்: இல்லை. கண் திறந்துவிட்டது.

நாளையும் இல்லையென்றால் வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம், தீபாவளிக்கு ஊரில் இருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச்சி மட்டும் "அண்ணத்துல என்னமோ குத்துது மைனி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும். ஏட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டுச் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

7ஆம் தேதிதான் முதலில் பார்த்தோம் என்று டாக்டரிடம் நான் சொன்னது சரியில்லை. 1ஆம் தேதி புதன்கிழமை, "மூக்குக்குள்ள என்னமோ ஊருது மைனி" என்று பேச்சி சொன்னாள். ஆவி பிடிக்கச் சொன்னேன். 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது அதில் ரத்தக் கறையும் ஒரு புழுவும் இருந்தன. ஆட்டுக்கொட்டிலிலிருந்து ஏறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். உறையை வெந்நீரில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டிலில் இருந்து வருகிற புழு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

கோமதி.

அக்டோபர் 14, செவ்வாய்

புழு: இல்லை.

டாக்டர் காலையில் வந்து மறுபடியும் பார்த்தார். டிஸ்சார்ஜ் தாள் எழுத உட்கார்ந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அண்ணத்துல வலி இருக்குன்னு சொல்றாங்களே" என்றார். "எடுத்ததெல்லாம் சின்னப் புழு. நீங்க சொன்ன நாள் கணக்குக்கு அது சரியாத்தான் இருக்கு. இன்னும் முந்தியே வந்திருந்தா, பெரிசானதெல்லாம் உள்ள ஆழமாப் போயிருக்கும். உங்களுக்கு நிச்சயமா ஏழாம் தேதிதானா?"

பேச்சி கட்டிலில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற சந்தோஷம் அவளுக்கு. நான் டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யத் தோன்றவில்லை. அங்கேயே சொன்னேன்.

"இல்ல டாக்டர். ஒண்ணாந் தேதியே ஊருதுன்னு சொன்னா. மூணாந் தேதி தலகாணி உறையில நான் ஒண்ணப் பாத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் தாளை இரண்டாகக் கிழித்து, நாளைக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், இன்று ராத்திரி பத்து மணிக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சிஸ்டரிடம் சொன்னார்.

பேச்சி மடித்த துணியைப் பையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

புழு: 11. மொத்தம் 107. எல்லாம் பெரியவை. மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே எலும்பை ஒட்டிக் குத்தி நின்றிருக்கின்றன. அண்ணம் ஓர் இடத்தில் தாள்போல மெலிந்துவிட்டதாம். "வீட்டுக்குப் போயிருந்தா ஓட்ட விழுந்திருக்கும். குடிக்கிற தண்ணியெல்லாம் மூக்கு வழியா வரும்" என்றார் டாக்டர்.

மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருந்தேன். உதடு உலர்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன்.

அக்டோபர் 16, வியாழன்

புழு: இல்லை. காய்ச்சல்: 99. வாய்வழிச் சாப்பாடு இல்லை. டிரிப்ஸ்.

அக்டோபர் 17, வெள்ளி

புழு: இல்லை. காய்ச்சல்: இல்லை. ஆறிய கஞ்சி ஒரு டம்ளர்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். "மைனி, கதவச் சாத்திட்டு வாங்க" என்றாள். வார்டில் கதவு கிடையாது, திரைத்துணிதான். அதை இழுத்துவிட்டு வந்தேன்.

"அவிய என்னைய எதுக்கு அனுப்பிச்சாவ?"

யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஆவுடையப்பன். அவளைக் கட்டியவர். பதினாலு வருடத்துக்கு முன் கல்யாணம் நடந்து எட்டாவது மாதத்தில் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்.

"அதான் தெரியுமே. அவருக்கு வேற..." என்று ஆரம்பித்தேன்.

"மைனி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் நிறுத்திவிட்டேன். பிறகு சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அவளைக் கொண்டுவந்து விட்ட மறுவாரம், ஆவுடையப்பனின் அம்மா என்னைத் தேடி அங்கன்வாடிக்கு வந்தார். பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள். வாசலிலேயே நின்று பேசினார். "உங்க புள்ள தங்கமான புள்ள. கொற சொல்ல வரல தாயி. ஆனா பக்கத்துல இருக்க முடியல, அப்படி ஒரு வாட. எம் மவன் அதுகிட்டச் சொல்ல மாட்டாம தவிக்கான். நல்ல டாக்டர்ட்டக் காட்டுங்க. சரியானதும் நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

நான் வீட்டுக்குப் போய், அவருக்கு வேறு ஒருத்தியோடு தொடர்பு இருக்கிறதாம், அதனால்தான் கொண்டுவந்து விட்டாராம் என்று சொன்னேன்.

"ஏன் மைனி?"

பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன். பிரேமாவுக்கு அப்போது இரண்டு வயது. எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. டாக்டர் டாக்டராக அலைய யாரும் இல்லை. இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்ததும் அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவள் தலையில் நாலு முழம் மல்லிகையை வைத்து, மாப்பிள்ளை வீட்டாரை மின்காற்றாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தது நான். தெரிந்தே கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது நோய் என்றால் எல்லோரும் என்னைக் கேட்பார்கள். அதுவும் ஒன்று. இன்னொன்று, ஒரு பெண்ணிடம் உன்மேல் நாற்றம் அடிக்கிறது என்று சொல்வதைவிட, உன் புருஷன் மோசமானவன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அவள் போர்வையின் ஓரத்தை மடித்து நீவினாள்.

"அவியளுக்குப் புள்ளைய இருக்கா?"

"ரெண்டு."

"வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைக்குப் போவும்போதெல்லாம், அவிய நாசமாப் போவணும்னு கும்பிட்டுட்டு வந்திருக்கேன் மைனி. பதினாலு கொட."

அக்டோபர் 18, சனி

புழு: இல்லை. காய்ச்சல்: இல்லை.

நான் வாங்கி வந்த இட்லியைச் சாப்பிடவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் கொடுத்த ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பேசவில்லை. முந்தானையை இன்று முகத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வார்டில் பாதிக் கட்டில்கள் காலி. வெளியே வெடிச் சத்தம். பிரேமா போனில் முறுக்கு பிழிவதைக் காட்டினாள். மாவு தண்ணீராகிவிட்டது. அரிசி மாவு சேர்க்கச் சொன்னேன்.

டாக்டர் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். பேச்சியின் அண்ணத்துக்கு அது தோதான பண்டம், மெத்தென்று இருந்தது. இனிப்பு நாக்கில் தெரிகிறது என்று சொன்னாள். டாக்டரிடம்தான் சொன்னாள்.

ஸ்டெல்லா சிஸ்டர் மூக்குக் கழுவச் சொல்லிக் கொடுத்தார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் சோடா உப்பும் சாதா உப்பும் கலந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரம் வழியாக வர வேண்டும். வாயால் மூச்சு விட்டபடி "கா கா" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தினம் மூன்று வேளை. முதல் தடவை பேச்சிக்கு மூச்சு முட்டிவிட்டது. இரண்டாவது தடவை பச்சையும் பழுப்புமாகப் பொறுக்கு வந்து தொட்டியில் விழுந்தது. சிஸ்டர், "பாரு, இதுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார். பேச்சி குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள்.

அக்டோபர் 23, வியாழன்

டிஸ்சார்ஜ்.

கூட்டிப்போக வந்திருந்த பிரேமா அப்பாவையும் எங்கள் இருவரையும் நிற்கவைத்து டாக்டர் சொன்னார். மூக்கு கழுவுவதை ஒரு வேளைகூட விடக் கூடாது. கிளிசரின் சொட்டு மருந்து. பகலில் கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும். உடம்பு தேறியதும் மூக்குத் துவாரத்தைச் சிறிதாக்க ஓர் ஆபரேஷன் செய்யலாம். கடைசியாக ஒன்று சொன்னார்.

"வாடை திரும்ப வந்தா உள்ள பொறுக்கு சேந்திருக்குன்னு அர்த்தம். அன்னைக்கே இங்க வந்துடணும். ஆனா அது முத்துப்பேச்சிக்குத் தெரியாது. வீட்ல ஒருத்தர் தினமும் பக்கத்துல போய் மோந்து பாத்து, உள்ளத உள்ளபடி சொல்லணும். யார் சொல்வீங்க?"

"நான் சொல்லுதேன் டாக்டர்" என்றேன்.

"எங்க அண்ணன் சொல்லட்டும்" என்றாள் பேச்சி.

அக்டோபர் 24, வெள்ளி

அங்கன்வாடிக்குப் போனேன். பதினேழு பிள்ளைகள். இரண்டு பேருக்கு எடை குறைந்திருக்கிறது.

நாங்கள் இல்லாதபோது பிரேமா அப்பா பின்கட்டு அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலை அடித்து வைத்திருந்தார். பேச்சி அதைப் பார்த்தாள். "நல்லாருக்குண்ணே" என்றாள். பிறகு தன் பாயையும் கொசுவலையையும் எடுத்து வந்து, முன்னறையில் காற்றாடிக்குக் கீழே போட்டாள். பீடித் தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். பிரேமா தன் புத்தகங்களை நகர்த்தி இடம் விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளாகவே, தனக்கென்று தனியாக இருந்த தட்டை விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து எங்கள் தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 25, சனி

பிரேமா அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆடுகளுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனின் அம்மா வந்ததையும், நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். கையிலிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"அப்பம், அந்தப் பயல நான் பஸ் ஸ்டாண்டுல வச்சு அத்தன பேருக்கு முன்னால அடிச்சது?"

நான் கீழே சிந்திய குழையைப் பொறுக்கினேன்.

"அவன் திருப்பி ஒரு வார்த்த பேசலட்டி. நின்னு வாங்கிக்கிட்டான்" என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பிரேமா அப்பா காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "ஆவுடையப்பனப் பாத்தேன்" என்றார். பேச்சி சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்கிடப்பான்னேன். டீ வாங்கிக் குடுத்தான். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டான்."

பேச்சி கேட்டுக்கொண்டாள். பிறகு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.

தினமும் சாயங்காலம் பிரேமா அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மோந்து பார்க்கிறார். "ஒண்ணும் இல்ல தாயி, சுத்தமா இருக்கு" என்கிறார்.

அக்டோபர் 28, செவ்வாய்

"ஒண்ணும் இல்ல தாயி" என்றார்.

நான் அந்த நேரம் காபி கொடுக்க அந்தப் பக்கம் போனேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

காலையில் பிரேமா பள்ளிக்கூடம் போன பிறகு, நான் அங்கன்வாடிக்குக் கிளம்பச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். பேச்சி வந்து எதிரே நின்றாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசியது இதுதான்.

"மைனி, அண்ணன் பொய் சொல்லுது."

"அப்படிலாம் இருக்காது."

"பாசத்துல சொல்லுது. கேக்கும்போதே கண்ண வேற பக்கம் திருப்பிக்கிடுது. நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என் மேல அவ்வளவு பாசம் கெடையாது. உங்களால சொல்ல முடியும்."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவள் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போனதே இல்லை. வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. எனக்குத் தெரியாது. அவள் மூச்சு விட்டாள். நான் முழுதாக இழுத்தேன்.

"இருக்கு" என்றேன்.

"நேத்து?"

"நேத்தும் இருந்துச்சு. கொஞ்சமா."

கண்ணைத் திறந்தாள். "சரி. கெளம்புவோம்" என்றாள்.

சரசுக்குப் போன் செய்து முட்டையை எண்ணி வாங்கச் சொன்னேன். ஒன்பதரை பஸ் காலியாகத்தான் வந்தது. பேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்னாலும் பின்னாலும் இருக்கைகள் கிடந்தன. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வரை ஒன்றரை மணி நேரம். வழியில் அவள் தூங்கித் தலை என் தோளில் சாய்ந்தது. வாடை இருந்தது. என் முந்தானையால் அவள் முகத்துக்கு ஈ அண்டாமல் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். மூக்கின் பின்பக்கத்தில், கழுவுகிற தண்ணீர் எட்டாத மூலையில் பொறுக்கு சேர்ந்திருந்தது. முழுவதையும் எடுத்துவிட்டார். அண்ணம் நன்றாக மூடி வருகிறது. புழு இல்லை. சிரிஞ்சைச் சாய்த்துப் பிடிக்கும் விதத்தை மாற்றிச் சொல்லிக் கொடுத்தார். டிசம்பர் முதல் வாரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

"சரியான நேரத்துல வந்திருக்கீங்க. யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

"மைனி" என்றாள் பேச்சி.

அக்டோபர் 30, வியாழன்

காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். நேற்றைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. அவளிடம் அப்படியே சொன்னேன். "சரி மைனி" என்று சிரிஞ்சை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.